லாட்டினமா பெஸ்காரா, எதை வச்சுக்கலாம்? முன்னது ஸ்டார் ட்ரெக் கதைகள்ல வர்ற பணம், பின்னது ஸ்டார் வார்ஸ் தொடர் மாண்டலோரியன்ல வர்ற கவச உலோகம்.

செலவு பண்ண: ஸ்டார் ட்ரெக் லாட்டினம்தான். ஸ்லிப், ஸ்ட்ரிப், பார், பிரிக்னு சில்லறையே இருக்கு. கடையில ஒரு பெஸ்கார் கட்டிய நீட்டினா மீதி எப்படி தருவான்?

தாங்குறதுக்கு: பெஸ்கார், பேச்சே இல்ல. மாண்டலோரியன் முதல் எபிசோடுல ஒரு கட்டிய உருக்கி தோள்கவசம் அடிப்பாங்களே, அந்த உலோகத்துல லைட்சேபர்ங்கற ஒளிவாளே இறங்காது. லாட்டினம் திரவம், தங்கத்துக்குள்ள அடைச்சாதான் நிக்கும்.

ஏமாத்து: இங்கதான் லாட்டினம் சறுக்குது, டீப் ஸ்பேஸ் நைன்ங்கற ஸ்டார் ட்ரெக் தொடர்ல மதுக்கடை முதலாளி குவார்க், லாட்டினக் கட்டிய உடைச்சா உள்ள வெறும் தங்கம், அங்க தங்கத்துக்கு மதிப்பே கிடையாது (பவுன் விலை தெரிஞ்ச நமக்கு வயிறு எரியும்), அசல் சரக்கு அவன் கடை வாடிக்கையாளர் மோர்னோட ரெண்டாவது வயித்துக்குள்ள!

வியாபாரம் பண்றவங்களுக்கு லாட்டினம், டெய்லி யாராவது நம்மள துப்பாக்கியால சுடுறாங்கன்னா பெஸ்கார்.