சிம் ஷா சுய் டைஃபூன் நடை டூர்: கைடு சுமார்தான், ஆனா அந்த மேட்டு டவருக்காகப் போகலாம்

ஹாங்காங்ல வேலை பாக்குறவங்களுக்கு டைஃபூன்னா, அதாவது புயல்னா, ஒரே கேள்விதான், எட்டாம் நம்பர் எச்சரிக்கை ஏத்துவாங்களா மாட்டாங்களா, ஏத்துனா ஆபீஸ் லீவு. ஆறு வருஷமா நானும் ராத்திரி படுத்துக்கிட்டே அப்சர்வேட்டரி, அதாவது இங்கத்த வானிலை ஆபீஸோட ஆப்பைத் திறந்து திறந்து பாத்திருக்கேன், ஆனா போன்ல வர்ற ஒரு ஐகானை எதுக்கு 'ஏத்துறாங்க'ன்னு சொல்றோம்னு ஒருநாள்கூட யோசிச்சதில்ல. செய்தியில புயல் கூண்டு ஏத்துறாங்கன்னு கேட்டு வளர்ந்தவங்கதானே நாம, இங்கயும் அதே கூண்டு கதைதான், நெசமாவே கம்பத்துல ஏத்திருக்காங்க, செயுங் சாவ் தீவுல கடைசி கம்பம் 2002 பொறக்கும்போதுதான் ஓய்வுக்குப் போச்சு.

இந்த டூர் ஆளுக்கு 280 ஹாங்காங் டாலர், ரெண்டரை மணி நேரம். நடத்துறவங்க பேரு வேணாம் விடுங்க. சிம் ஷா சுய் ஏரியாவுல ஸ்டார் ஃபெர்ரி படகுத்துறை பக்கத்து மணிக்கூண்டுல ஆரம்பிச்சு பழைய மரைன் போலீஸ் தலைமையகத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, இப்ப அது ஹோட்டலும் பெரிய பெரிய பிராண்டு கடைகளுமா 1881 ஹெரிட்டேஜ்னு இருக்கு. மைக் பூரா கரகரன்னு சத்தம், பாதி வார்த்தை காதுல விழல, அதுல இருபது நிமிஷம் போட்டோவுக்கே போச்சு.

எனக்குக் கடுப்பானது எங்கன்னா, அந்தப் போலீஸ் தலைமையகம் இருந்த மேட்டுலதான் 1884-ல இருந்து டைஃபூன் பீரங்கி வெச்சிருந்தாங்க. ஒரு தடவை வெடிச்சா பலமான காத்து வருது, ரெண்டு தடவை வெடிச்சா டைஃபூனே வருதுன்னு அர்த்தம். அதைச் சொன்ன கைடு, 1906-ல பெரிய புயல், நிறைய பேர் செத்தாங்க, வாங்க அடுத்த இடம் போலாம்னு கிளம்பிட்டாரு! அதைக் கேக்கத்தானய்யா நான் வந்ததே.

அவரு விட்டதை நான் சொல்றேன். அந்தக் காலத்துல கம்பத்துல ஏத்துன கூண்டு காத்து இங்க எவ்ளோ அடிக்கும்னு சொல்லாது, புயல் எந்தப் பக்கம் இருக்குன்னுதான் சொல்லும். டிரம் மாதிரி இருந்தா கிழக்க, பந்துன்னா மேற்க, கூம்பு மேல பாத்தா வடக்க, கீழ பாத்தா தெற்க. சிவப்புன்னா 300 மைலுக்கு அந்தாண்ட, கறுப்புன்னா அதுக்குள்ள. கப்பல் கேப்டனுக்கு இது தங்கம், போலாமா நிக்கலாமான்னு முடிவு பண்ணிக்குவாரு. ஆனா சம்பான்னு சொல்ற சின்னப் படகுலயே சமைச்சு சம்பான்லயே தூங்குற குடும்பத்துக்கு அந்த டிரம்மை வெச்சு என்ன பண்றது, அவங்களுக்கு இருந்தது பீரங்கிச் சத்தம் ஒண்ணுதான்.

1906 செப்டம்பர் 18, காலைல 8 மணிக்குக் கறுப்பு டிரம் ஏறுச்சு, 8:40-க்கு பீரங்கி வெடிச்சுது, கொஞ்ச நேரத்துலயே புயல் வந்து விழுந்துருச்சு, ரெண்டு மணி நேரம்போல அடிச்சு ஓஞ்சப்ப சுமார் பத்தாயிரம் பேர் உயிரோட இல்ல. அப்சர்வேட்டரி தூங்குச்சான்னு ஊரே கத்துச்சு, விசாரணை வெச்சாங்க, அவங்க மேல தப்பு இல்லன்னு முடிஞ்சுது. எனக்கும் அது நியாயமாத்தான் படுது, ஏன்னா சாட்டிலைட் கிடையாது, ரேடார் கிடையாது, கடல்ல போற கப்பல் எதையாவது பாத்தாலும் துறைமுகத்துக்கு வந்து சேந்தாத்தான் சொல்ல முடியும், மணிலா, ஷாங்காய் மாதிரி ஊர்கள்ல இருந்து வர்ற தந்தியும் காத்தழுத்தம் பாக்குற சொந்த பாரோமீட்டரும்தான் கண்ணு. வந்த புயலோ ரொம்பச் சின்னது, நடுவுல புகுந்து வந்துருச்சு, பாரோமீட்டர் இறங்கிக் காட்டுறதுக்குள்ள வாசல்ல நிக்குது.

அடுத்து நேத்தன் ரோடுல அப்சர்வேட்டரி, 1883-ல ஆரம்பிச்சது, வெளிய நின்னுதான் பாத்தோம். முதல் டைரக்டர் டோபெர்க், டென்மார்க்காரரு, அடிப்படையில வானியல் ஆளு. மணிலாவுல ஜெசுட் பாதிரியாருங்க 1879-லயே டைஃபூன் எச்சரிக்கை குடுக்க ஆரம்பிச்சவங்க, அவங்களைக் கண்டா இவருக்கு ஆகாது. 1899-ல அவங்க சும்மா பீதி கிளப்புறாங்கன்னு அப்ப மணிலாவை ஆண்ட அமெரிக்காக்காரன்கிட்ட போட்டுக் குடுத்து, எச்சரிக்கை அனுப்பக்கூடாதுன்னு உத்தரவே வந்துருச்சு, அப்புறம்தான் வாபஸ் ஆச்சு. தந்திய நம்பிப் பொழைக்கிற ஆபீஸ் தந்தி அனுப்புறவன்கூடயே சண்டை போட்டா எப்படி? இந்தக் கதைய மட்டும் கைடு நல்லா ரசிச்சுச் சொன்னாரு.

கடைசியா சிக்னல் ஹில் கார்டன். காசு குடுக்கலாம்னு தோணுனது இங்கதான். 1907-ல கட்டுன செங்கல் டவர், உச்சில இருந்த பந்து குறிச்ச நேரத்துல சரியா விழும், அதைப் பாத்துக் கப்பல்காரங்க கடிகாரத்தைச் சரி பண்ணிக்குவாங்க, 1933 வரைக்கும் இது ஓடுச்சு. இப்ப சுத்தி கட்டடமா நிக்கிறதால ஹார்பர் துண்டு துண்டாத்தான் தெரியுது. உள்ள ஏற காலைல கொஞ்ச நேரம் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் விடுறாங்க, நீங்க தனியாப் போறதா இருந்தா நேரம் பாத்துட்டுப் போங்க, அதுக்குக் காசு கிடையாது.

அஞ்சுக்கு மூணு. அதுல ஒண்ணு இதுக்காக: நாங்க போன அன்னைக்கு ஒண்ணாம் நம்பர் ஏத்திருந்தாங்க, மேல வடக்குக் காத்து. கைடு எல்லாரையும் காத்துக்கு முதுகு காட்டி நிக்கச் சொன்னாரு, இடது கைய நீட்டி லேசா முன்னாடி கொண்டு வாங்க, புயலோட நடு அங்கதான்னாரு, நூறு வருஷத்துக்கு முன்னாடி மாலுமிங்க பாத்த கணக்கு. பதினோரு பேரும் சொன்னபடி தெற்க பாத்துக் கைய நீட்டிட்டு நிக்கிறோம், பாக்குறவன் சிரிச்சிருப்பான். அப்புறம் போனை எடுத்து ஆப்ல மேப்பைப் பாத்தா புயல் கிழக்கு-தென்கிழக்க, கை காட்டுன அதே இடம்.