மிக்ஸிங்குக்குப் பணம் கட்டும் முன் படிங்க: 'ஹை' ஏத்திக் கொடுத்தா கிளாரிட்டி ஆகிடாது

கந்த சஷ்டிக்கு வெளியிடலாம் என்று தங்கை பாடிய முருகன் பாட்டை மிக்ஸ், மாஸ்டர் (குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து, வெளியீட்டுக்குத் தயாராக்குவது) செய்யக் கொடுத்தோம். ஆன்லைன் விளம்பரம் பார்த்துப் பிடித்த ஆள், பேர் வேண்டாம். 12,000 ரூபாய் பேசி, பாதி முன்பணம் கட்டினோம்.

விளம்பரத்தில் இருந்த 'முன்–பின்' சாம்பிளே ஏமாற்று வேலை. 'பின்' சாம்பிளின் சத்தம் அதிகம். சத்தம் கூடினாலே காதுக்கு பேஸும் (அடி ஒலி) ட்ரெபிளும் (உயர ஒலி, அதாவது 'ஹை') தூக்கலாகத்தான் தெரியும். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் அளந்து சொன்ன சங்கதி இது. எந்த சாம்பிளையும் இரண்டு பக்கமும் ஒரே லெவலுக்குக் கொண்டுவந்து கேளுங்கள்.

பாட்டு வந்தது. முருகன் பாட்டில் சரவணா, ஷண்முகா, சஷ்டி என்று அடிக்கு அடி 'ஸ்'ஸும் 'ஷ்'ஷும்தான். பெண் குரலில் அந்தச் சீறல் பெரும்பாலும் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் நிற்கும். இவர் மொத்த மிக்ஸிலும் சரியாக அங்கிருந்தே ஷெல்ஃப் போட்டு, அதாவது அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றி, லிமிட்டரில் (உச்சச் சத்தத்தை அமுக்கும் கருவி) நசுக்கியிருந்தார். கூடவே ஜால்ரா வேறு. இயர்போனில் ஒரு சரணம் தாண்ட முடியவில்லை, காது கூசியது.

கேட்டால், "ஹை இல்லேன்னா மொபைல்ல எடுபடாது தம்பி" என்றார். மொபைல் ஸ்பீக்கரில் பேஸே கிடையாது, ஹை அங்கே இன்னும் துருத்திக்கொண்டுதான் நிற்கும். வாதாடிப் பார்த்தோம். "டீ-எஸ்ஸிங் தனி சார்ஜ், 1,500" என்றார். டீ-எஸ்ஸிங் என்றால் அந்த 'ஸ்' சீறலை மட்டும் அமுக்குவது. சாப்பாட்டுக்குக் காசு வாங்கிவிட்டு உப்புக்குத் தனி பில்! கொடுத்துத் தொலைத்தோம். அதையும் குரல் ட்ராக்கில் போடாமல் முழு மிக்ஸின் மேல் போட்டார். தங்கை ஒவ்வொரு 'ச' சொல்லும்போதும் ஜால்ரா அமுங்கி அமுங்கி எழுந்தது.

இதெல்லாம்கூட ரசனை, திறமை என்று விட்டுவிடலாம். கடைசியாக வந்த 'வேவ்' (சுருக்காத முழு ஒலி) ஃபைல்தான் மோசடி. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நேர்கோடு, அதற்கு மேல் வெறும் கறுப்பு. 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கிய எம்பி3-யில் வழக்கமாகப் பார்க்கிற வெட்டு அது. வேண்டுமென்றே ஃபில்டர் போட்டாலும் கோடு விழும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேலே 'ஏர்' (மிக உயரத்து மினுமினுப்பு) ஏற்றியதாகப் பெருமை பேசினவர் அதே ஆள்தானே! நாங்கள் கொடுத்த ட்ராக்குகளில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை சத்தம் இருந்தது. எம்பி3-யை வேவாக மாற்றினால் ஃபைல் சைஸ்தான் பெருக்கும், போனது திரும்பாது. ஸ்ட்ரீமிங் தளம் அதை மறுபடி சுருக்கும்போது ஜால்ரா தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி குழையும்.

நாற்பது தாண்டியவர்கள் காதை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த உயரத்துச் சத்தம் பலருக்கும் கேட்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளின் ஸ்பெக்ட்ரோகிராமும் போதும்.

பிறகு ஊரிலேயே ஒருவர் சரி செய்து கொடுத்தார். ஈக்யூ (ஹை, பேஸ் ஏற்றி இறக்குவது) பக்கமே முதலில் போகவில்லை. ஜால்ராவைக் குறைத்தார், ஒவ்வொரு 'ஸ்'ஸையும் கையால் சில டெசிபல் இறக்கினார், அதற்கப்புறம்தான் குரலுக்கு மட்டும் லேசாக டீ-எஸ்ஸர். சஷ்டி தாண்டித்தான் வெளியிட்டோம்.

பழைய ஆளிடமிருந்து மீதிப் பணம் கேட்டு இன்னும் மெசேஜ் வருகிறது. பதிலுக்கு அந்த ஸ்பெக்ட்ரம் படத்தையே அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.