நின்றுபோன எரிவாயு மின் நிலையம்: கூட்டு நிறுவனமா, ஒற்றை உரிமையா?

நின்றுபோன எரிவாயு மின் நிலையம் ஒன்றைப் பலர் கூடிக் கூட்டு நிறுவனமாக நடத்தலாம். ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். அல்லது பிரித்து விற்றுவிடலாம். முதல் இரண்டு வழிகளும் அடுத்தடுத்து நடைமுறைக்கு வந்த இடம், மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் உள்ள தாபோல்.

என்ரான், ஜெனரல் எலக்ட்ரிக், பெக்டெல் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய இந்த நிலையத்தின் 740 மெகாவாட் முதற்கட்டம், 1999இல் உற்பத்தியைத் தொடங்கி, மின் விலைத் தகராறில் 2001 மே மாதம் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் என்ரான் திவாலானது. வங்கிகள், வெளிநாட்டுப் பங்குதாரர்கள், மாநில மின் வாரியம் என்று ஆளுக்கொரு உரிமை கோரி நின்ற நேரத்தில், தனி நிறுவனம் எதுவும் அதைத் துணிந்து வாங்கியிருக்காது என்றே கருதுகிறேன். 2005 ஜூலையில் உருவான ரத்னகிரி கேஸ் அண்ட் பவர் நிறுவனத்தில் மின் நிலையம் நடத்தும் என்டிபிசி, எரிவாயு கொண்டுவரும் கெயில், கடன் கொடுத்த வங்கிகள், மாநில மின்துறை ஆகிய நான்கு தரப்பும் பங்குதாரர்களாயின. அடுத்த ஆண்டே நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருளைக் கொண்டு நிலையம் மீண்டும் ஓடியது. சிக்கலான கடனையும் வழக்குகளையும் தீர்க்கக் கூட்டு நிறுவனத்தைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆனால் பங்குப் பத்திரம் எரிவாயுவைக் கொண்டுவராது. கிருஷ்ணா-கோதாவரி படுகையின் எரிவாயு வரத்து சரிந்ததும், 1,967 மெகாவாட் திறனுள்ள நிலையம் 2013இல் மீண்டும் நின்றது. இறக்குமதித் திரவ எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் தர நிறுவனம் முன்வந்தபோது, விலை உயர்ந்த அந்த எரிபொருளுக்குத் தங்கள் ஒப்புதல் பெறவில்லை என்று மாநில விநியோக நிறுவனம் நிலைக் கட்டணம் (மின்சாரம் வாங்காவிட்டாலும் நிலையம் தயாராக இருப்பதற்குத் தரும் தொகை) தர மறுத்தது. பங்குதாரராக இருந்ததும் அதே மாநில மின்துறைதான் என்பதே இதில் வேதனை. இதனால் எழுந்த வழக்கு 2023இல் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது. எரிபொருள் விலை ஏறினால் யார் தாங்குவது என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைக்காமல் கூட்டுச் சேர்ந்தால், ஒரு தகராறு தீர்ந்து இன்னொன்று பிறக்கும்.

ஒற்றை உரிமையின் நன்மை, முடிவெடுக்கும் வேகம். நின்றிருக்கும் நிலையத்துக்கு இது பெரிய விஷயம்: சுழலியின் கனத்த அச்சு தன் எடையிலேயே வளையாதிருக்க அவ்வப்போது மெல்லச் சுழற்ற வேண்டும், கொதிகலன் குழாய்களில் துரு ஏறாதிருக்க நைட்ரஜன் நிரப்ப வேண்டும். வருமானமே இல்லாத மாதங்களில் இந்தச் செலவுக்கு ஒரே தலைமை உடனே ஒப்புதல் தரும். பல பங்குதாரர்கள் தங்களுக்குள் பேசி முடிப்பதற்குள் ஈரம் தன் வேலையைக் காட்டிவிடும். தாபோலும் கடைசியில் இந்தத் திசையில்தான் போனது: நிலையத்தோடு இருந்த, கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கும் முனையம் கொங்கண் எல்என்ஜி என்று தனியே பிரிந்து கெயிலின் கைக்கும், மின் நிலையம் என்டிபிசியின் கைக்கும் சென்றன. என் கணிப்பில், முதலில் கூட்டு, வழக்குகள் தீர்ந்தபின் ஒற்றை உரிமை என்ற வரிசையே சரி. ஆனால் மற்றப் பங்குதாரர்கள் விலகுவதற்கான விதிகளைத் தொடக்க ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பிரித்து விற்பதை, நீண்டகால எரிவாயு ஒப்பந்தம் எந்த விலையிலும் கிடைக்காது என்று உறுதியான பின்பே எண்ணலாம். அப்போதும் சுழலிகளை விற்கலாமே தவிர, நிலத்தையும் உயர் அழுத்த மின்கடத்தல் இணைப்பையும் கைவிடக் கூடாது. புதிதாக அனுமதி பெற்று அவற்றை அமைப்பதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.