கோர்பூ தீவில் ஒரு அரைநாள்

இத்தாலியில் வேலை செய்யும் அக்கா மகள் கூட்டிப்போனதால்தான் கிரேக்கத்தின் கோர்பூ தீவைப் பார்த்தேன். வழிகாட்டியோடு அரைநாள் நடை. பழைய கோட்டை, ஸ்பிரிடோன் புனிதரின் தேவாலயம் எல்லாம் விறுவிறுவென்று முடிந்தன. புனிதரின் உடல் இருக்கும் வெள்ளிப் பேழை முன்னால் ஐந்து நிமிடம்கூட நிற்க விடவில்லை. காதில் மாட்டத் தந்த கருவியும் பாதி வழியில் செத்துவிட்டது.

ஆனால் ஸ்பியனாடா திடலில் கால் நின்றுவிட்டது. அங்கே மெயிட்லண்ட் நினைவாக ஒரு வட்ட மண்டபம். 1805 முதல் 1811 வரை இலங்கையில் தேசாதிபதியாக இருந்த அதே ஆள்! சொன்னதும் வழிகாட்டிப் பெண்ணுக்கு உற்சாகம். 1824இல் அங்கே அயோனியக் கல்விக்கழகத்தை நிறுவிய கில்ஃபோர்ட் பிரபுவும் நமது இலங்கையின் முதல் பிரித்தானியத் தேசாதிபதி நோர்த்தான் என்றார். இதற்காகவே கொடுத்த காசு தகும்.

ஹட்டனுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். “அங்கயும் துரைமாரா?” என்றார். தீவை ஆண்ட பிரித்தானியர் 1864இல் போய்விட்டார்கள், கிரிக்கெட்டும் ஜிஞ்சர் பியரும்தான் மிச்சம் என்றேன். நமக்கு மிச்சம் லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்.

போகிறவர்கள் காலை நடையையே எடுங்கள். அப்புறம், அங்கே தேத்தண்ணீர் மட்டும் கேட்காதீர்கள். ஆறின தண்ணீரில் ஒரு பை மிதந்தது.