மூன்று வாரம் பச்சையாக இருக்கும், அப்புறம் அழுகும்

முதல் முறையாகச் செடி வைத்த மீன் தொட்டி அமைக்கப் போகிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைக்காரர் எனக்கு விற்ற ஐந்து செடிகளில் நான்கு நீர்ச்செடியே கிடையாது. அதைக்கூட மன்னித்துவிடலாம். மிச்சம் இருந்த ஒரே ஒரு உண்மையான நீர்ச்செடியைத்தான் 'செத்துப்போச்சு' என்று நானே பிடுங்கிக் குப்பையில் போட்டேன். என் வயிற்றெரிச்சல் அங்கேதான்.

கையில் இருந்தது சின்ன பட்ஜெட். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரத்தில் ஒரு தொட்டி வாங்கினேன். விளிம்பு வரை நிரப்பினால் 54 லிட்டர். குட்டித் தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கெடும், கொஞ்சம் பெரிதாகவே வாங்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டேன். நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் கடைக்காரரிடமே விட்டுவிட்டேன். "செட்டா போட்டுத் தர்றேன் தம்பி, நீங்க எதையும் யோசிக்க வேண்டாம்" என்றார். நானும் யோசிக்கவில்லை.

செட்டில் என்னென்ன இருந்தன? நிறம் மாறும் விளக்கு, பளபளவென்று வெள்ளைக் கல் இரண்டு மூட்டை, 'இதை ஊத்தினா அன்னைக்கே மீன் விடலாம்' என்று ஒரு பாட்டில், ஆறு நியான் டெட்ரா மீன், தொட்டியைத் துடைத்து வைக்கும் என்று ஒரு சக்கர் மீன், அப்புறம் ஐந்து செடிகள். செடிகளின் பெயரைக் கேட்டேன். "எல்லாம் வாட்டர் பிளான்ட்தான் தம்பி" என்றார். ஐந்துக்கும் சேர்த்து ஒரே பெயர்! அப்போதே திரும்பி நடந்திருக்க வேண்டும்.

நடும்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்று, மேலே சாம்பல் பச்சை, அடியில் கத்தரிப்பூ நிறம், இலை முழுக்கச் சுருக்கம். இன்னொன்று, பச்சை இலையில் வெள்ளி பூசியது போல் திட்டுகள். மூன்றாவது, அம்பு முனை மாதிரி இலை. நான்காவது, கணு கணுவாக மூங்கில் போல நிமிர்ந்த தண்டு. ஐந்தாவதுதான் சோப்ளாங்கி. பிளாஸ்டிக் கிண்ணத்தில், பஞ்சுக்குள் வேரை வைத்து, பழுப்பும் பச்சையும் கலந்த ஏழெட்டு இலைகளோடு இருந்தது. ஓரத்தில் ஊன்றிவிட்டு அதை மறந்துவிட்டேன்.

அன்றைக்கே பாட்டிலை ஊற்றினேன், மறுநாள் மீன் விட்டேன். முதல் வாரத்திலேயே இரண்டு டெட்ரா போய்விட்டது. கேட்டதற்கு, கவரில் வந்த அலுப்பு என்றார்.

பத்தாம் நாள் அந்த ஐந்தாவது செடி கரைய ஆரம்பித்தது. வாடவில்லை, கரைந்தது. இலை கண்ணாடி போல ஆகி, தொட்டால் விரலில் கஞ்சி மாதிரி ஒட்டியது. இரண்டே நாளில் எல்லா இலையும் போய், கல்லுக்குள் குட்டையாக ஒரு கட்டை மட்டும் நின்றது. பதறிப்போய் கடைக்குப் போன் செய்தேன். "அது வீக் செடி தம்பி, எடுத்து வீசிடுங்க. அந்த வயலட்டு நல்லா நிக்குதுல்ல? அதுலயே இன்னும் ரெண்டு வாங்கி வைங்க" என்றார். நின்றது உண்மைதான், மற்ற நான்கும் அப்போது வாங்கிய நாள் போலவே இருந்தன. கட்டையைப் பிடுங்கி வீசிவிட்டு, வயலட்டு இன்னும் இரண்டு வாங்கி வந்து நட்டேன். காசு கொடுத்துத்தான்.

மூன்றாவது வாரம் முடியும்போது வயலட்டு இலைகளின் ஓரம் கறுத்தது. வெள்ளித் திட்டுச் செடி ஒவ்வோர் இலையாக உதிர்த்தது. தண்ணீரில் பால் கலந்தது போல ஒரு மங்கல். மீதி நான்கு டெட்ராவும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மறுபடியும் போன். இந்த முறை நீல மருந்து கொடுத்தார். ஒரு நாள் முழுக்கத் தொட்டி மைக்கூடு மாதிரி இருந்தது. அடுத்த இரண்டு நாளில் டெட்ரா ஒவ்வொன்றாக எல்லாமே போய்விட்டது. சக்கர் மட்டும் எதுவும் நடக்காதது போலக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் சித்தி வீட்டுக்கு வந்திருந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தவர், "ஏன்டா, இது எங்க வீட்டு மாடிப்படியில இருக்கிற செடியாச்சே. பூந்தொட்டிச் செடியை எதுக்குத் தண்ணிக்குள்ள முக்கி வச்சிருக்கே?" என்றார். சிரித்துச் சமாளித்தேன். இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படம் ஒப்பிட்டுப் பார்த்தால், வயலட்டு ஹெமிகிராஃபிஸ், வெள்ளித் திட்டு பைலியா, அம்பு இலை சிங்கோனியம், மூங்கில் என்று நான் நினைத்தது மூங்கிலே இல்லாத ட்ரசீனா. லக்கி பேம்பூ என்று வரவேற்பறை மேஜையில் வைப்பார்களே, அதுதான். நான்கும் நிலத்துச் செடி.

மூன்று வாரம் எப்படிப் பச்சையாக நின்றன? இந்த வியாபாரமே அந்தக் கேள்வியில்தான் நடக்கிறது. நிலத்துச் செடியின் இலையில் மெழுகுப் பூச்சு இருக்கிறது, தண்டில் சேமித்து வைத்த சத்து இருக்கிறது. முக்கி வைத்ததும் உடனே சாகாது. ஆனால் தண்ணீரில் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு குறைவு. காற்றுக்கென்று அமைந்த இலைக்கு அங்கே போதுமான கரியமில வாயு கிடைக்காது, வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. இருப்பைத் தின்று தீர்க்கும் வரைதான் அந்தப் பச்சை. ஊறுகாய் போடுகிற மாதிரிதான், வளர்ச்சி என்று ஒன்றுமே இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஒரு புது இலைகூட வரவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

கரைந்துபோன அந்த சோப்ளாங்கி? அது கிரிப்டோகரைன். அசல் நீர்ச்செடி. பண்ணைகளில் நீர்ச்செடிகள் பலவற்றை வேர் மட்டும் ஈரத்தில் இருக்க, இலை காற்றில் இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். தண்ணீருக்குள் வந்ததும் அந்தக் காற்று இலைகளை உதிர்த்துவிட்டு, தண்ணீருக்கென்று மெல்லிய புது இலை விடும். கிரிப்டோகரைன் இதில் இன்னும் நாடகக்காரி, தண்ணீர் கொஞ்சம் மாறினாலே மொத்த இலையையும் கரைத்துவிடும். கட்டை உறுதியாக இருந்தால் சில வாரத்தில் திரும்பத் தழைக்கும். அந்தக் கட்டையைத்தான் கடைக்காரர் 'வீசிடுங்க' என்றார். அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

செடி அழுகியதால் மீன் செத்தது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். மீன் கழிவும், மிஞ்சிய தீனியும், அழுகும் இலையும் அம்மோனியாவாக மாறும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அளவோடு இருந்தால் பெரிய தொல்லை இல்லை. இந்தப் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பாட்டில் பாக்டீரியா சில சமயம் அதைக் கொஞ்சம் சுருக்கலாம், ஆனால் ஒரே நாளில் தொட்டி தயார் என்பது சுத்தப் பொய். அப்புறம் அந்த நீல மருந்து. அது மெத்திலீன் புளூ. பூஞ்சைக்குத் தனித் தொட்டியில் வைத்துப் போடும் மருந்து. அதைப் பிரதான தொட்டியில் கொட்டினால் அப்போதுதான் தலையெடுக்கும் பாக்டீரியாவுக்கும் அடி, செடிக்கும் அடி. கண்ணாடி ஒட்டிய சிலிக்கான் இன்றும் எனக்கு நீலமாகத்தான் இருக்கிறது. பிளேடு வைத்துச் சுரண்டியும் போகவில்லை.

வெள்ளைக் கல்லையும் சோதித்தேன். இரண்டு சொட்டு வினிகர் விட்டதும் சோடா மாதிரி நுரைத்தது. சுண்ணாம்புச் சத்து. அது கரைந்து தண்ணீரின் கடினத்தையும் பி.எச். அளவையும் ஏற்றும். பி.எச். 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அளவு அம்மோனியாவில் விஷமான பங்கு சுமார் பத்து மடங்கு ஆகிவிடும். ஆக, அழுகும் செடி, பாக்டீரியா இல்லாத தண்ணீர், விஷத்தைக் கூட்டும் கல் என்று எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே பில்லில் வாங்கி வந்திருக்கிறேன்.

அழுகியதில் ஒன்றைக் கவரில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கோபமாகத்தான் போனேன், போய் நின்றதும் குரல் எழும்பவில்லை. கடைக்காரர் கவரைப் பார்த்தார். "தண்ணிக்குள்ள வச்சுத்தானே வித்தேன் தம்பி, இதுல பொய் எங்க வந்துச்சு?" என்றார். அவர் தொட்டியில் மட்டும் அதே வயலட்டு எப்படிச் செழிப்பாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள், பின்னால் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்த பையன், "வாரா வாரம் மாத்திருவோம்ணே" என்றான். பெட்டிக்குள் வேரில் காய்ந்த மண்ணோடு அதே செடிகள். பையன் ஒவ்வொன்றாகக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தான். கடைக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொட்டியிலிருந்து ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "இதை வச்சுக்கங்க, காசு வேண்டாம். இது அழுகவே அழுகாது."

பணம் திரும்பக் கிடைக்கவில்லை. சக்கரை மட்டும் அவரே வாங்கிக்கொண்டார், அதுவும் இலவசமாக. விரல் நீளத்தில் விற்கப்படும் அந்த மீன் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். என் தொட்டியின் அகலமே அவ்வளவுதான். வளர்ந்துவிட்டதே என்று குளத்திலோ ஆற்றிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கே அது மற்ற மீன்களின் பிழைப்பைக் கெடுக்கும்.

செடி வாங்கும்போது தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பாருங்கள் என்று பலர் சொல்வார்கள். தொய்ந்து விழுந்தால் நீர்ச்செடி, விறைப்பாக நின்றால் நிலத்துச் செடி என்பது கணக்கு. ஓரளவுக்குத்தான் உதவும். காற்றில் வளர்த்த அசல் நீர்ச்செடியும் விறைப்பாக நிற்கும், அனுபியாஸ் என்கிற நீர்ச்செடி எப்போதுமே விறைப்புதான். பெயரைக் கேட்பதுதான் வழி. பெயர் சொல்லாவிட்டால் போனில் படம் எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வாருங்கள். இலையில் வண்ணக் கோடு, வெள்ளித் திட்டு, தடித்த மெழுகுப் பளபளப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இப்போது அதே தொட்டியில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். கழுவிய சாதா மணல், ஏர் பம்ப்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், வெள்ளை எல்.இ.டி. விளக்கு நாளுக்கு ஏழு மணி நேரம். வேகமாக வளர்ந்து அம்மோனியாவை உறிஞ்ச ஹார்ன்வோர்ட்டும் வாலிஸ்னேரியாவும். ஜாவா ஃபெர்னைக் கல்லில் நூலால் கட்டியிருக்கிறேன், அதன் கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். செடி வளர்க்கும் ஒருவரிடம் கத்தரித்த மிச்சம் கேட்டால் இதெல்லாம் கிட்டத்தட்ட சும்மாவே கிடைக்கும். அப்படி வரும்போது நத்தை கூடவே வரும், வரட்டும். கிரிப்டோகரைன் ஒன்றும் மறுபடி வாங்கினேன். எட்டாம் நாள் கரைந்தது. கை வைக்கவில்லை.

மிச்சப்பட்ட காசில், தண்ணீரில் அம்மோனியா, நைட்ரைட் எவ்வளவு என்று பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்கினேன். நீல மருந்துக்கும் மந்திர பாட்டிலுக்கும் முன்னால் வாங்கியிருக்க வேண்டியது அதுதான். ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட்டு, அம்மோனியா ஏறி இறங்குவதைக் குறித்து வருகிறேன். இன்றோடு 26 நாள். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் இன்னும் ஊதா நிறம் காட்டுகிறது. அதுவும் பூஜ்யமாகும் வரை மீன் கிடையாது. தினமும் தொட்டியில் என்னதான் பார்க்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அழுகாத ட்ரசீனாத் தண்டைத் தொட்டி விளிம்பில், வேர் மட்டும் நனைய, இலை வெளியே இருக்கும்படி நிறுத்தினேன். நன்றாகவே வருகிறது. கடைக்காரர் இனாமாகக் கொடுத்த புல்லின் படத்தைத் தேடியபோது, அது தோட்டத்து ஓரங்களில் நடும் மாண்டோ புல் என்று தெரிந்தது. சித்தி வீட்டு மாடிப்படியில், பைலியாவுக்குப் பக்கத்துப் பூந்தொட்டியில் வைத்திருக்கிறோம். கடைக்காரர் சொன்னது போல, இன்றுவரை அழுகவில்லை.