மார்ச் மாதம் பூவோடு வரும் லாரி: ஊட்டி தோட்டப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் கவனிக்க

நீலகிரியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், மலர்க் கண்காட்சியை ஒட்டி நடக்கும் தோட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். "லேண்ட்ஸ்கேப் டிசைனர்" என்று சொல்லிக்கொண்டு கீழேயிருந்து ஏறி வரும் ஒருவர் எங்களிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு மாதம்கூடத் தாங்காத தோட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதனால். ஆனால் ஆள் மாறினாலும் முறை இதேதான் என்று விசாரித்ததில் தெரிகிறது. எனவே முறையைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் நாலு சென்ட். அம்மா பார்த்துப் பார்த்து வளர்த்தது. 2025 மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் நடந்தது 127-ஆவது கண்காட்சி; அந்த வருடமாவது போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. டிசைனர் ஜனவரியில் வந்து இடத்தை அளந்தார், இரண்டே நாளில் கம்ப்யூட்டரில் வரைந்த படம் அனுப்பினார். நடுவில் பூவால் ஆன மயில், சுற்றி சால்வியா, பெட்டூனியா, ஆன்டிரினம், பின்வரிசையில் டெல்பினியமும் டேலியாவும், ஓரத்தில் லில்லியம், முன்னால் கிக்குயு புல்தரை. மொத்தம் 1,85,000 ரூபாய், அட்வான்ஸ் 1,10,000.

படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட படங்களில் எல்லாச் செடியும் ஒரே நாளில் உச்சத்தில் பூத்திருக்கும். நிஜத்தில் அதைக் கொண்டுவருவதுதான் வேலையே. படம் வரைவது இல்லை. கொட்டேஷனில் இருந்தது "பருவ மலர்ச் செடிகள், 1,500 எண்ணிக்கை" என்ற ஒரு வரிதான். எந்த ரகம், எத்தனை அங்குலத் தொட்டி, எப்போது விதைத்தது, ஒன்றும் இல்லை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் இறக்கலாம். இறக்கினார்.

பிப்ரவரி முழுக்க "நாற்று நம்ம நர்சரியில வளருது மேடம்" என்று போட்டோ வந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். வெளிநாட்டு விதைக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பட்டியலில் இருந்த படம். கேட்டதற்கு, "அது மாடலுக்கு அனுப்பினது மேடம்" என்றார். நேரில் வந்து பார்க்கிறோம் என்றால் ஒரு வாரம் அவர் ஊரில் இல்லை, இன்னொரு வாரம் நர்சரியில் மருந்து அடித்திருக்கிறார்கள்.

மார்ச் மூன்றாம் வாரம் லாரி வந்தது. செடி முழுக்கப் பூ. தெருவே வந்து செல்ஃபி எடுத்தது. அந்த நிமிடத்தில்தான் அடுத்த தவணை 40,000 கேட்டார், பூவைப் பார்த்த சந்தோஷத்தில் கொடுக்கப்பட்டது. கவனியுங்கள், இந்த மோசடியின் மையமே இந்த நாள்தான். பணம் கேட்கும் நாளும் பூ உச்சத்தில் இருக்கும் நாளும் ஒன்றாக இருக்கும்படி அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். போட்டி நாளைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கண்காட்சி மே மாதம் என்றாலும், போட்டிக்குப் பெயர் கொடுத்த தோட்டங்களை நடுவர்கள் அதற்கு முன்பே வந்து பார்த்துவிடுவார்கள். ஆக ஏப்ரல் கடைசியிலேயே தோட்டம் நிறைந்திருக்க வேண்டும். எங்கள் சால்வியாவின் பூந்தண்டுகள் ஏப்ரல் முதல் வாரமே காய்ந்து உதிர்ந்தன. பெட்டூனியா ஒரு மழைக்கே படுத்துவிட்டது. டேலியா முழங்கால் உயரம்கூட வரவில்லை. பின்வரிசைக்கு வாங்கியது முன்வரிசைக்குக் கீழே நின்றது.

காரணம் என்னவென்று பக்கத்து எஸ்டேட்டில் முப்பது வருடமாகத் தோட்ட வேலை பார்க்கும் அண்ணன் வந்து காட்டினார். ஒரு செடியைப் பிடித்து இழுத்தார், பிளாஸ்டிக் கவரோடு கையில் வந்தது. பாத்தியில் நட்டதே இல்லை; கவரோடு புதைத்து மேலே நார்க்கழிவைத் தூவியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு இத்தனை கெடுபிடி உள்ள மாவட்டத்தில் எங்கள் மண்ணுக்குள் ஆயிரத்துக்கு மேல் கவர்! கவருக்குள் வேர் வட்டமாகச் சுற்றி இறுகியிருந்தது. ஓசூர், பெங்களூரு பக்கம் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரத்தில் சூட்டிலேயே வளர்ந்த செடியை, வெளிக்காற்றுக்குப் பழக்காமல் நேராக ஊட்டிக் குளிரில் வைத்தால் அதிர்ச்சியில் நின்றுவிடும். "இதுக்குக் குட்டை மருந்தும் ஊத்தியிருக்கான்" என்றார் அண்ணன். மாமரத்துக்கு ஊற்றுகிறார்களே பேக்லோபியூட்ரசால், அதையே தொட்டிச் செடி கச்சிதமாகக் குட்டையாக இருப்பதற்கும் கொடுப்பார்கள். விற்பனைக்கு அழகு. அளவு கூடிவிட்டால் பாத்தியில் வைத்த பிறகும் செடி வளராது. எங்கள் செடிக்குக் கொடுத்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த டேலியாவைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமில்லை.

புல்லும் அப்படியே. கிக்குயு என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தது கொரியன் புல். கோவையில் அது நன்றாக வரும். இங்கே குளிருக்குப் பழுத்துப் போகும். விலையும் வேறு, வளர்ப்பும் வேறு.

முறையாகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் ஏமாற்றுகிறவரை ஜனவரியிலேயே கண்டுபிடித்துவிடலாம். பூங்காவிலேயே பாருங்கள், மே மாதக் கண்காட்சிக்கான நடவு வேலை ஜனவரி வாக்கிலேயே தொடங்கிவிடும். அது உறைபனிக் காலம். கோத்தகிரி மிலார் செடிகளை வைத்து நாற்றுகளை மூடிப் பாதுகாப்பார்கள். ஆன்டிரினம், சால்வியா எல்லாம் இந்தக் குளிரில் பூக்க மூன்று மாதம், சில சமயம் அதற்கு மேலும் எடுக்கும். நுனியைக் கிள்ளிவிட்டு, கிளை பிரியவைத்து, பூக்கும் நாளைத் தள்ளிப் போடுவார்கள். ஒரே ரகத்தை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை விதைப்பார்கள், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். ஏப்ரல், மே ஆலங்கட்டி மழைக்குச் செடிகளை மேலே மூடவும் வழி யோசித்து வைத்திருப்பார்கள். எங்கள் டிசைனரிடம் ஆலங்கட்டியைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் கடவுள் கையில மேடம்" என்றார். சரி, கடவுளுக்கா அட்வான்ஸ் கொடுத்தோம்?

செடிகளை மாற்றித் தரச் சொன்னோம். ஏப்ரலில், நாளொன்றுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள்தான் மலையேறலாம் என்று இ-பாஸ் கட்டுப்பாடு வந்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. "லாரி கல்லாறு செக்போஸ்ட்ல நிக்குது" என்றார். வண்டி நம்பர் சொல்லுங்கள், நாங்கள் போய்ப் பார்க்கிறோம் என்றதும் போனை வைத்துவிட்டார்.

பிறகு நடுவர்கள் வருவதற்கு முந்தைய இரவு அவரே கூப்பிட்டார். "கமிட்டியில நம்ம ஆள் இருக்காங்க. ஒரு பதினஞ்சு கொடுத்தீங்கன்னா கப் உங்களுக்குத்தான்." கொடுக்கவில்லை. யாரையும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றும் நான் நம்பவில்லை. விண்ணப்பத்தைப் போட்டுத் தருவதற்கென்று முன்பே 5,000 வாங்கியிருந்தார். தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்குப் போய் நாமே கொடுத்துவிடக்கூடிய விண்ணப்பம் அது. யாராவது கப் வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

புகாருக்குப் போனபோதுதான் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தது. பில்லில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தேடினால் மொபைல் உதிரிபாகக் கடை ஒன்றின் பெயர் வருகிறது. இலவசமாக, ஒரு நிமிடத்தில் பார்க்கக்கூடியது. பணம் கொடுக்கும் முன் பாருங்கள். இரண்டாவது, வாட்ஸ்அப்பில் மறையும் செய்திகளை அவர் முதலிலேயே ஆன் செய்து வைத்திருக்கிறார். ரகங்களின் பெயர், நர்சரி வாக்குறுதி எல்லாம் ஏழு நாளில் தானாக அழிந்துவிட்டது. அம்மா போனில் போட்டோ மட்டும் கேலரியில் சேமிக்கப்பட்டிருந்ததால் தப்பித்தோம். யாராவது உங்கள் சாட்டில் அதை ஆன் செய்தால் நடுவில் ஒரு சிறிய அறிவிப்பு வரும், அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தொடங்குங்கள்.

வேறொருவரிடம் தோட்டம் கொடுக்கப் போகிறவர்கள் ரகம், விதைத்த தேதி, தொட்டி அளவு மூன்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையாகக் கணிசமான தொகையை நடுவர்கள் வந்துபோன மறுநாளுக்கு வையுங்கள், ஒப்புக்கொள்ளாதவர் வேண்டாம். லாரி வந்தால் பூவைப் பார்க்காமல் நாலைந்து செடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். மார்ச்சில் மொட்டுகூட இல்லாத, பச்சையான, கிளை பிரிந்த செடி வந்தால் அதுதான் நல்ல செடி.

நாங்கள் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம், வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கீழே அவருடைய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் மட்டும் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதிட இடமிருக்கிறது. நோட்டீஸுக்குப் பதிலாக அவர் 20,000 தருவதாகவும், அவரைப் பற்றி நாங்கள் எழுதியவற்றை எல்லாம் நீக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பியிருக்கிறார். வாங்கவில்லை. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.