லேடிபவரா, ரட்லண்ட் வாட்டரா?

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரே ஒரு நீர்த்தேக்கம் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் டெர்பிஷயரில் உள்ள லேடிபவரைத்தான் சொல்வேன். அணை கட்டி முடிந்தது 1943-ல். டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு ஊர்கள் தண்ணீருக்குள் போய்விட்டன, கடும் வறட்சியில் டெர்வென்ட்டின் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரியும். அணையோரம் சுமார் 24 மீட்டர் அகலத்தில் கல் பதித்த இரண்டு வட்டக் குழிகள் (மிகுதி நீர் வெளியேறும் வழி), படிப்படியாக உள்ளே இறங்குகின்றன. ஏரி நிரம்பினால் நாலாபுறமும் இருந்து தண்ணீர் வெள்ளை வெளேரென்று அவற்றுக்குள் விழுவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நிற்கலாம். கோடையில் பெரும்பாலும் அந்தக் குழிகள் காய்ந்துதான் கிடக்கும், அதனால் நல்ல மழைக்குப் பிறகு, குளிர்காலத்தில் போங்கள்.

ரட்லண்ட் பகுதியில் உள்ள ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கம் வேறு மாதிரி. 1970-களில் உருவானது, உயர்ந்த மலைகள் இல்லை. சைக்கிள் ஓட்டவும் சின்னப் பிள்ளைகளோடு போகவும் இதுதான் வசதி: ஹாம்பிள்டன் தீபகற்பத்தையும் சேர்த்தால் முழுச் சுற்று சுமார் 37 கிலோமீட்டர். அப்புறம் மீன் பிடித்துத் தின்னும் பருந்து போன்ற பறவைகளான விராலடிப்பான்கள்! 1996-ல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், 2001-ல் இங்கேயே குஞ்சு பொரித்தன. பறவைப் பித்து உள்ளவர்கள் யோசிக்கவே வேண்டாம், மே, ஜூனில் நேராக இங்கே போய்விடுங்கள்.